கொழும்புக்கு வருவோருக்கான கைபேசி வழிகாட்டி: திட்டமிடுவது முதல் வெளியிடுவது வரை

சுற்றுலாப் பயணிகளுக்கான கைபேசி வழிகாட்டிகளில் பலவும் அச்சுக் கையேட்டை அப்படியே திரையில் ஏற்றியவை. மேலே பெரிய படம், கீழே நாலு பந்தி வரலாறு, அதற்கும் கீழே எங்கோ ஒரு மூலையில் திறக்கும் நேரம். கோட்டை ரயில் நிலைய வாசலில் ஒரு கையில் பையும் மறு கையில் போனுமாக, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்பவருக்கு இந்த வரிசை தலைகீழ். எந்தப் பக்கம் திரும்புவது, எவ்வளவு தூரம் நடப்பது, இப்போது போனால் திறந்திருக்குமா என்பதுதான் அவருக்கு முதலில் தெரியவேண்டும். வரலாற்றை நிழல் கண்டு உட்கார்ந்த பிறகு படிப்பார்.

அந்த நிற்கும் மனிதரை மனதில் வைத்து ஒவ்வொரு முடிவையும் எப்படி எடுப்பது என்று இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். கோயில் பரிபாலன சபை, சிறு விடுதி நடத்துபவர், சுற்றுலா வழிகாட்டி, மென்பொருள் படிக்கும் மாணவர், யாராக இருந்தாலும் செய்யலாம். உதாரணத்துக்கு ஒரு நடைப்பாதையை எடுத்துக்கொள்வோம்: கோட்டை ரயில் நிலையத்தில் தொடங்கி, புறக்கோட்டைக் குறுக்குத் தெருக்கள், செட்டியார் தெரு வழியாகக் கொச்சிக்கடை வரை.

படி 1: வருபவர் யார் என்று முடிவு செய்யுங்கள்

சுற்றுலாப் பயணி என்றதும் கமெரா தொங்கவிட்ட வெள்ளைக்காரரே பலருக்கு நினைவுக்கு வருகிறார். கொழும்புக்கு வரும் தமிழர்களை எண்ணிப் பாருங்கள். விசா அலுவலுக்கோ வைத்தியசாலைக்கோ யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் ஹட்டனிலிருந்தும் வருபவர்கள், விடுமுறைக்குக் கனடாவிலிருந்து வந்து வெள்ளவத்தையில் தங்கும் குடும்பங்கள், சென்னையிலிருந்து விமானத்தில் வருபவர்கள். இவர்களும் புதிய ஊரில் வழி தேடுபவர்கள்தான். வேலை முடிந்த பிறகு அரை நாள் மிஞ்சினால் எதையாவது பார்த்துவிட்டுப் போக ஆசைப்படுபவர்கள். துறைமுகத்தில் கப்பல் நிற்கும் சில மணி நேரத்துக்குள் ஊரைச் சுற்றிவிட்டுத் திரும்ப வேண்டிய வெளிநாட்டவரின் தேவை முற்றிலும் வேறு.

எல்லாரையும் ஒரே வழிகாட்டியில் திருப்திப்படுத்த முயன்றால் ஒருவருக்கும் பயன்படாது. ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். அவர் வாயிலிருந்து வரக்கூடிய பத்துக் கேள்விகளை அவர் பேசும் தமிழிலேயே எழுதுங்கள். “பையை எங்கே வைக்கலாம்?”, “சைவச் சாப்பாடு எங்கே?”, “அம்மாவால் இவ்வளவு தூரம் நடக்க முடியுமா?”, “கழிப்பறை எங்கே?” இந்தப் பட்டியல்தான் உங்கள் முதல் வரைபடம். பின்னால் ஒரு வசதியைச் சேர்க்கலாமா வேண்டாமா என்று குழம்பினால், இந்தக் கேள்விகளில் எதற்காவது அது பதில் சொல்கிறதா என்று பாருங்கள். சொல்லவில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

படி 2: எல்லையைச் சுருக்குங்கள்

முழுக் கொழும்பையும் எடுக்காதீர்கள். பத்துப் பன்னிரண்டு இடங்கள் போதும். நம் உதாரண நடையில் கோட்டை ரயில் நிலையமும் அதன் முன்னே நிற்கும் ஓல்கொட் சிலையும், இரண்டாம் குறுக்குத் தெருவில் சிவப்பு வெள்ளைக் கோடுகளுடன் நிற்கும் ஜாமி உல் அல்ஃபர் பள்ளிவாசல், பழைய நகர மண்டபம், மேட்டில் இருக்கும் ஒல்லாந்தர் காலத்து வுல்ஃபெண்டால் தேவாலயம், செட்டியார் தெருவின் நகைக்கடைகளும் கதிரேசன் கோயில்களும், கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலம், பொன்னம்பலவாணேஸ்வரர் கோயில் என்று வரிசை தானாகவே அமைகிறது. பிற்பாடு காலிமுகத்திடலையோ கறுவாத்தோட்டத்தையோ தனி நடையாகச் சேர்க்கலாம்.

படி 3: நடந்து சேகரியுங்கள்

இந்த வேலையில் பாதி இதுதான். இணையத்திலிருந்து எடுத்து ஒட்டிய தகவலை வாசலில் நிற்பவர் உடனே கண்டுபிடித்துவிடுவார். காலை, நடுப்பகல், மாலை மூன்று வேளையும் அந்தப் பாதையில் நடந்து பாருங்கள். புறக்கோட்டை வேளைக்கு வேளை மாறும். கடை திறக்கும் முன் அகலமாகத் தெரிந்த தெருவில், பதினொரு மணிக்குச் சாமான் ஏற்றிய தள்ளுவண்டியோடு நாட்டாமிமார் போவதற்கே இடம் போதாமல் இருக்கும். சக்கர நாற்காலியோ குழந்தை வண்டியோ அந்த நேரத்தில் போகுமா என்பதை நடந்தவரால்தான் சொல்ல முடியும்.

ஒவ்வொரு இடத்திலும் குறித்துக்கொள்ள வேண்டியவை: உண்மையில் உள்ளே போகும் வாசல் எந்தத் தெருவில் இருக்கிறது, எந்த நேரம் மூடுகிறார்கள், செருப்பை எங்கே விடுவது, படம் எடுக்கலாமா, எத்தனை படி ஏற வேண்டும், உட்கார நிழல் உண்டா, கட்டணம் இருந்தால் உள்நாட்டவருக்கும் வெளிநாட்டவருக்கும் தனித்தனியா, காசாகத்தான் கொடுக்க வேண்டுமா. கோயில் என்றால் ஆண்கள் மேற்சட்டையைக் கழற்ற வேண்டுமா என்பதையும் கேளுங்கள். தேவாலயம், விகாரை என்றால் தோளும் முழங்காலும் மறையும் உடை வேண்டுமா என்று கேளுங்கள். புனித அந்தோனியார் திருத்தலம் 2019 ஏப்ரல் 21 குண்டுத் தாக்குதலில் உயிர்களை இழந்த இடம். அங்கே பையைச் சோதித்தால் ஒத்துழைக்கும்படியும், மன்றாடிக்கொண்டிருப்பவர்களைப் படம் எடுக்க வேண்டாம் என்றும் வழிகாட்டியே சொல்லட்டும்.

சேகரித்ததை இடத்துக்கு ஓர் அட்டையாக, அதாவது ஒரு திரைப் பக்கமாக, எழுதும்போது இப்படி வரும்:

“பொன்னம்பலவாணேஸ்வரர் கோயில், கொச்சிக்கடை, கொழும்பு 13. நடுப்பகலில் நடை சாத்தியிருக்கும். காலையிலோ மாலையிலோ போங்கள். செருப்பு வாசலில். வெயில் நேரத்தில் வெளிவீதிக் கல் காலைச் சுடும். பொன்னம்பல முதலியார் 19ஆம் நூற்றாண்டில் கட்டிய கோயிலை, அவர் மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கருங்கல்லால் திருப்பிக் கட்டுவித்தார். உள்ளே போனதும் தூண்களைப் பாருங்கள்.”

முதலில் ஊர்ப்பகுதியும் நேரமும், பிறகு உடலுக்குத் தேவையான எச்சரிக்கை, பிறகு வரலாறு, கடைசியில் கண்ணை எங்கே திருப்புவது. ஒவ்வோர் அட்டையிலும் இந்த வரிசையை மாற்றாதீர்கள். மூன்றாவது இடத்துக்கு வரும்போது பயணிக்கு எது எங்கே இருக்கும் என்று பழகிவிடும்.

படி 4: பெயர்களைத் திரட்டுங்கள்

கொழும்பில் ஓர் இடத்துக்கு மூன்று பெயர் இருப்பது சாதாரணம். புறக்கோட்டையை ஆங்கிலத்தில் பெட்டா என்பார்கள், சிங்களத்தில் பிட்டகொட்டுவ. கொம்பனித்தெரு பழைய ஆங்கில வரைபடங்களில் ஸ்லேவ் ஐலண்ட். செட்டியார் தெரு ஆங்கிலத்தில் சீ ஸ்ட்ரீட். முகத்துவாரத்தை மோதறை என்றும் மட்வால் என்றும் சொல்வார்கள். கல்கிசை மவுண்ட் லவினியா. தமிழில் மட்டும் தெரிந்தவர் ஓட்டோக்காரரிடம் ஒரு பெயர் சொல்ல, பஸ் பலகையில் வேறு பெயர் இருக்க, கூகுள் வரைபடம் மூன்றாவதைக் காட்டும்.

ஆகவே ஒவ்வோர் இடத்துக்கும் மூன்று மொழிப் பெயர்களையும், பேச்சு வழக்கையும், கொழும்பு 6, கொழும்பு 13 போன்ற வலய எண்ணையும் தரவில் சேருங்கள். எதைத் தட்டினாலும் தேடல் அந்த இடத்தையே காட்ட வேண்டும். ‘புரக்கோட்டை’ என்று எழுத்துப் பிழையோடு தட்டினாலும், ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டினாலும் கைவிடக்கூடாது. அட்டையில் “ஓட்டோக்காரருக்குக் காட்ட” என்று ஒரு பொத்தான் வையுங்கள். அழுத்தினால் இடத்தின் பெயர் சிங்களத்தில் திரை நிறையப் பெரிதாக வரட்டும். சிங்களம் தெரியாமல் கொழும்புக்கு வரும் தமிழருக்கு இதைவிடப் பயனுள்ள பொத்தான் வேறில்லை என்பது என் எண்ணம்.

தொழில்நுட்பம் செய்பவர்களுக்கு ஒரு குறிப்பு. ‘கொ’ போன்ற எழுத்தை யூனிகோட்டில் ஒரே உயிர்க்குறியாகவும் எழுதலாம், இரண்டு துண்டுகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு. தேடும் சொல்லையும் தரவையும், துண்டுகளை ஒன்றாக்கும் யூனிகோட்டின் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிவிட்டு ஒப்பிடுங்கள். கோயில்களும் சங்கங்களும் தரும் பழைய கோப்புகள் யூனிகோட் அல்லாத பாமினி எழுத்துருவில் இருக்கக்கூடும். அதை நேராக ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பையாக வரும். முதலில் யூனிகோட்டுக்கு மாற்றி, பிறகு ஒருவர் உட்கார்ந்து வாசித்துத் திருத்த வேண்டும்.

படி 5: ஒவ்வொரு மொழிக்கும் தனியாக எழுதுங்கள்

கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் காலியில் கிடைத்த மும்மொழிக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹேயின் பயணங்களோடு தொடர்புடையது, 1409ஆம் ஆண்டைச் சேர்ந்தது. சீனப் பகுதி புத்தரைப் போற்றுகிறது, தமிழ்ப் பகுதி தென்னாவரை நாயனார் என்ற தெய்வத்தை, பாரசீகப் பகுதி அல்லாஹ்வை. அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பே, வாசிப்பவர் யார் என்று பார்த்து ஒவ்வொரு மொழிக்கும் தனியாக எழுதியிருக்கிறார்கள்.

நாமும் அப்படியே செய்யலாம். கோயிலில் செருப்பைக் கழற்ற வேண்டும் என்று தமிழ்ப் பக்கத்தில் நீட்டி எழுதத் தேவையில்லை. கங்காராமை விகாரையில் புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி நின்று செல்பி எடுக்கக்கூடாது என்பதை எழுத வேண்டும். ஆங்கிலப் பக்கத்தில் இரண்டையும் எழுத வேண்டும், கூடவே போயா (பௌர்ணமி) தினத்தில் மதுபானம் விற்கமாட்டார்கள் என்பதையும். வெள்ளிக்கிழமை நண்பகல் ஜும்ஆ நேரத்தில் ஜாமி உல் அல்ஃபர் பக்கம் பார்வையாளராகப் போக வேண்டாம் என்பது மூன்று மொழியிலும் வரவேண்டும். நேரம், கட்டணம், தொலைபேசி எண் மட்டும் மூன்றிலும் ஒரே தரவிலிருந்து வரட்டும். இல்லாவிட்டால் ஒன்றைத் திருத்தி மற்றதை மறந்துவிடுவோம்.

படி 6: திரையை அமையுங்கள்

தமிழில்தான் முதலில் வரையுங்கள். ஆங்கிலத்துக்கு அளவெடுத்த பொத்தானில் ‘பொன்னம்பலவாணேஸ்வரர்’ அடங்காது. தமிழுக்கு அளவெடுத்ததில் ஆங்கிலம் தாராளமாக அடங்கும்.

எழுத்து 16 பிக்சலுக்குக் குறையாமல், வரி உயரம் எழுத்தளவைப் போல் 1.6 மடங்கு இருக்கட்டும். தமிழிலும் சிங்களத்திலும் மேலும் கீழும் குறிகள் ஏறுவதால் நெருக்கினால் ஒன்றோடொன்று மோதும். எழுத்துகளுக்கு இடையே செயற்கையாக இடைவெளி விடாதீர்கள், சாய்வெழுத்து வேண்டாம். நீளமான தலைப்பை மூன்று புள்ளி வைத்து வெட்டுவதென்றால் எழுத்தலகு முடியும் இடத்தில் வெட்டுங்கள். இல்லாவிட்டால் ‘கோ’ என்பது வெறும் ‘க’ ஆகி நிற்கும். நோட்டோ சான்ஸ் தமிழ், நோட்டோ சான்ஸ் சிங்களம் இரண்டும் இலவசம், ஒரே குடும்பம் என்பதால் பக்கத்தில் பக்கம் வைத்தாலும் பொருந்தும்.

அடுத்தது வெயில். வெள்ளைப் பின்னணியில் வெளிர்சாம்பல் எழுத்து அலுவலகத்தில் அழகாக இருக்கும். காலிமுகத்திடலில் நண்பகலில் அது திரையிலேயே இல்லாதது மாதிரிதான். எல்லாரும் படிக்க முடிவதற்கான டபிள்யூசிஏஜி என்ற இணையத் தரநிலை சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5க்கு 1 என்ற நிறவேறுபாட்டைக் கேட்கிறது. வெளியில் படிக்கும் வழிகாட்டிக்கு 7க்கு 1 வைத்தால் நல்லது. திறந்திருப்பதைப் பச்சையாலும் மூடியிருப்பதைச் சிவப்பாலும் மட்டும் காட்டாமல், “திறந்திருக்கிறது”, “மூடியிருக்கிறது” என்று சொல்லாலும் எழுதுங்கள்.

ஒரு கையில் பை இருக்கும் என்று வைத்துக்கொண்டு, முக்கியப் பொத்தான்களைப் பெருவிரல் எட்டும் கீழ்ப்பகுதியில் வையுங்கள். ஆப்பிள் 44 புள்ளியையும் அண்ட்ராய்டு 48 டிபியையும் தொடுபரப்பின் குறைந்த அளவாகச் சொல்கின்றன. வியர்த்த விரலுக்கு அதற்கும் சற்றுப் பெரிதாக இருந்தால் இன்னும் நல்லது. கீழே மூன்று பொத்தான் போதும்: அருகில் உள்ளவை, என் நடை, உதவி.

படி 7: இணைப்பு இல்லாமலும் இயங்க வேண்டும்

விமானத்தில் வந்து இறங்குபவரிடம் உள்ளூர் சிம் இருக்காது. டேட்டா தீர்ந்துபோனவரும் இருப்பார். ஆப் கடையில் தேடித் தரவிறக்க வேண்டிய ஆப்பை விட, இணைய முகவரியைத் தொட்டதும் உலாவியில் திறக்கும் இணையச்செயலியாகச் செய்வதே என் தேர்வு. முதல் முறை திறந்தபோதே நடைப்பாதையின் எழுத்து, வரைபடம், சிறிய படங்கள் எல்லாம் போனில் சேமிக்கப்பட வேண்டும். ஆயிரம் சொல் உள்ள தமிழ்ப் பக்கம் 30 கிலோபைட்டைச் சுற்றித்தான் வரும். பாரத்தை ஏற்றுவது படங்கள். அவற்றை வெப்பி (WebP) என்ற பட வடிவில் சுருக்கி, இடத்துக்கு ஒன்று என்று நிறுத்துங்கள்.

ஐபோனில் ஒரு சிக்கல் உண்டு. முகப்புத் திரையில் சேர்க்காத இணையச்செயலியை, சஃபாரி பயன்படுத்தும் நாட்களில் ஏழு நாள் தொடாமல் விட்டால், சேமித்ததை அது அழித்துவிடும். பயணத்துக்கு முன்பே திறந்து பார்ப்பவர்களுக்கு “முகப்புத் திரையில் சேருங்கள்” என்று படத்தோடு காட்டுங்கள்.

இருப்பிட அனுமதியைத் திறந்தவுடன் கேட்காதீர்கள். “அருகில் உள்ளவை” பொத்தானைத் தொடும்போது, எதற்கு என்று ஒரு வரி சொல்லிவிட்டுக் கேளுங்கள். இருப்பிடத்தைப் போனுக்குள்ளேயே பயன்படுத்துங்கள், சேர்வருக்கு அனுப்பாதீர்கள். இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருப்பதையும் நினைவில் வையுங்கள். சேகரிக்காத தரவைப் பாதுகாக்க வேண்டிய பொறுப்பே வராது.

படி 8: வழி சொல்வது

வரைபடத்துக்கு ஓபன்ஸ்ட்ரீட்மேப்பைப் பயன்படுத்தலாம், அதற்குரிய நன்றிக்குறிப்பு திரையில் தெரிய வேண்டும். தமிழ்ப் பெயர் இல்லாத இடங்களுக்கு நீங்களே அங்கே தமிழ்ப் பெயரைச் சேர்த்துவிடுங்கள், எல்லாருக்கும் பயன்படும்.

வரைபடம் மட்டும் போதாது. “150 மீற்றர் சென்று வடகிழக்கே திரும்பவும்” என்று நம் ஊரில் யாரும் வழி சொல்வதில்லை. “நகைக்கடைகள் தொடங்கும் இடத்தில் வலப்பக்கம், கோபுரம் தெரியும்வரை நேரே” என்று எழுதுங்கள். கடைப்பெயரை அடையாளமாக வைக்காதீர்கள், கடை மாறும். கோபுரம், மணிக்கூட்டுக் கோபுரம், பாலம், சந்தி இவை நிலைக்கும்.

நடை முடிந்ததும் திரும்பும் வழியும் வேண்டும். புறக்கோட்டையிலிருந்து காலி வீதியால் போகும் 100, 101 பஸ்கள் பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை போகிறவருக்கு. நகர மண்டபம், தேசிய அருங்காட்சியகம் பக்கம் போகிறவருக்கு 138. கட்டணத் தொகையை எழுதாதீர்கள், அடிக்கடி மாறும். ஓட்டோவுக்கு பிக்மீ அல்லது ஊபர், இல்லையென்றால் மீற்றர் போடச் சொல்லி ஏறும்படி ஒரு வரி.

“உதவி” பொத்தானுக்குள் நான்கு எண்கள்: பொலிஸ் 119, சுவசெரிய அம்புலன்ஸ் 1990, தீயணைப்பு 110, சுற்றுலாத் தகவல் 1912. தொட்டதும் அழைப்புப் போக வேண்டும்.

படி 9: கியூஆர் அட்டை

ரயில் நிலையத்தருகே இருக்கும் விடுதி, சைவக்கடை, கோயில் அறிவித்தல் பலகை ஆகியவற்றில் அனுமதி கேட்டு ஒட்டுங்கள். பத்தடி தள்ளி நின்று எடுக்க வேண்டுமென்றால் குறியீடு ஓரடி அகலமாவது இருக்க வேண்டும். மழையும் தூசும் கீறலும் தாங்க, 30 சதவீதம் வரை சேதத்தை ஈடுசெய்யும் ‘எச்’ நிலையில் உருவாக்குங்கள். கண்ணாடிக்குப் பின்னால் வைத்தால் வெயில் பட்டுப் பளபளக்கும். குறியீட்டுக்குக் கீழே முகவரியையும் எழுத்தில் போடுங்கள். திறந்ததும் முகப்புப் பக்கத்துக்குப் போகாமல், அவர் நிற்கும் அந்த இடத்தின் அட்டைக்கே போகட்டும்.

படி 10: தெருவில் சோதியுங்கள்

அலுவலகத்தில் நண்பர்களிடம் காட்டிக் கருத்துக் கேட்பது சோதனை ஆகாது. ஊருக்குப் புதியவர்கள் நாலைந்து பேர் போதும், அதில் ஒருவராவது வாசிப்புக் கண்ணாடி போடுபவராக இருக்கட்டும். பழைய அண்ட்ராய்டு போன் ஒன்றைக் கொடுத்து, விமானப் பயன்முறையில் போட்டு, ரயில் நிலைய வாசலில் நிறுத்துங்கள். “அன்ரி, இன்றைக்குப் பின்னேரம் கொச்சிக்கடைக் கோயிலுக்குப் போகலாமோ எண்டு பாருங்கோ. நான் ஒண்டும் சொல்ல மாட்டன்” என்று சொல்லிவிட்டுப் பேசாமல் நில்லுங்கள். “தம்பி, இதை அமத்தினால் போகுமோ?” என்று அவர் கேட்கும் இடம் எதுவோ, அதுதான் நீங்கள் திருத்த வேண்டிய இடம். பதில் சொல்ல வாய் துடிக்கும். சொல்லாதீர்கள், குறித்துக்கொள்ளுங்கள்.

அதே நடையை நண்பகல் வெயிலிலும், இருட்டிய பிறகும், மழையில் குடை பிடித்தபடியும் ஒருமுறை செய்து பாருங்கள். நடைக்கு ஒலி விளக்கம் சேர்த்திருந்தால், புறக்கோட்டை இரைச்சலில் அது கேட்கிறதா என்றும் பாருங்கள். இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டு அந்தத் தெருக்களில் நடப்பது ஆபத்து. ஒலியை “நின்று கேளுங்கள்” என்ற இடங்களில் மட்டும் வைத்து, அதே விளக்கத்தை எழுத்திலும் தாருங்கள்.

படி 11: வெளியிட்ட பிறகு

ஒவ்வோர் அட்டையின் அடியிலும் “கடைசியாகச் சரிபார்த்த நாள்” இருக்கட்டும். பக்கத்திலேயே “தகவல் பிழை” என்ற பொத்தான் வாட்ஸ்அப்பைத் திறக்க, இடத்தின் பெயர் முன்கூட்டியே அதில் எழுதப்பட்டிருக்கட்டும். படிவம் நிரப்பச் சொன்னால் யாரும் அனுப்பமாட்டார்கள்.

வருடத்துக்கான நாட்காட்டி ஒன்றைத் தனியாக வையுங்கள். ஆடிவேல் இரதம் செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிக்குப் போகும் நாளில் வீதிகள் மூடப்படும். ஜூன் 13 புனித அந்தோனியார் திருநாளில் கொச்சிக்கடை சனத்தால் நிரம்பும். பெப்ரவரியில் கங்காராமையின் நவம் பெரஹர, மே மாதத்தில் வெசாக் வெளிச்சக்கூடுகள், ரமழான் மாதத்தில் பகலில் பூட்டியிருக்கும் சாப்பாட்டுக் கடைகள், மாதந்தோறும் போயா. இவை வரும் வாரத்தில் அட்டையின் தலையில் ஒரு வரி தானாகத் தோன்ற வேண்டும். கூட்டத்தைத் தவிர்க்க நினைப்பவருக்கும் அது உதவும், தேரைப் பார்ப்பதற்கென்றே வருபவருக்கும் உதவும்.

ஓர் அட்டையை ஆறு மாதமாக யாரும் நேரில் போய்ச் சரிபார்க்கவில்லை என்றால், அதில் உள்ள நேரத்தையும் கட்டணத்தையும் தானாக மறைத்துவிட்டு, “போகும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்” என்ற வரியையும் அந்த இடத்தின் தொலைபேசி எண்ணையும் காட்டும்படி முதல் நாளிலேயே எழுதி வைத்துவிடுங்கள்.